மேற்குக் கோடியில் மூன்று இரவுகள்



ஐரோப்பாவின் வரைபடத்தை விரித்து வைத்து, மேற்கே மேற்கே என்று விரலை நகர்த்திச் செல்லுங்கள். இங்கிலாந்தைத் தாண்டி, ஐரிஷ் கடலையும் தாண்டி, அயர்லாந்துத் தீவைக் குறுக்கே கடந்தால், அதன் தென்மேற்கு மூலையில் கெர்ரி என்னும் மாவட்டம் அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் விரல்களை நீட்டியதுபோல் கிடப்பதைக் காண்பீர்கள். அவ்விரல்களுள் வடக்கே இருப்பது டிங்கிள் தீபகற்பம். சுமார் 50 கிலோமீட்டர் நீளம். அதன் தென்கரையில், காற்றுக்கு ஒதுங்கிய ஒரு விரிகுடாவின் ஓரத்தில், ஏறத்தாழ 2,000 பேர் வாழும் மீன்பிடித் துறைமுகச் சிற்றூர் ஒன்று உள்ளது. அதுவே டிங்கிள்.

நம் பிள்ளைகளுள் சிலர் இன்று மருத்துவர்களாகவும் செவிலியராகவும் கணினிப் பொறியாளர்களாகவும் அயர்லாந்தில் பணிபுரிகின்றனர். மகள் அழைக்கிறாள், பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்று டப்ளினுக்கும் கார்க் நகருக்கும் சென்று வரும் பெற்றோரும் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் அடுக்குமாடி வீட்டின் நான்கு சுவர்களுக்குள் இருந்துவிட்டு, கடைத்தெருவில் நாலு புகைப்படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறேன்.

வாய்ப்புக் கிடைத்தால் டிங்கிளுக்குச் செல்லுங்கள். சென்றால், சுற்றுலாப் பேருந்தில் ஒரு பகலில் சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். மூன்று இரவுகளேனும் தங்குங்கள். அந்த மண்ணின் செல்வம் மலையிலும் கடலிலும் மட்டும் இல்லை, வீடுகளுக்குள் இருக்கிறது. பேருந்தின் சன்னல் வழியே அது கண்ணில் படாது.

செல்லும் வழி

இந்தியக் கடவுச்சீட்டு உடையோர்க்கு அயர்லாந்து விசா தேவை. அயர்லாந்து 'ஷெங்கன்' கூட்டில் சேர்ந்த நாடு அன்று. ஆகவே பிரான்சுக்கோ ஜெர்மனிக்கோ பெற்ற விசா இங்கே செல்லாது. நாணயம் யூரோ. டப்ளினின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து டிரலி நகருக்கு ரயிலில் ஏறத்தாழ 4 மணி நேரம். அங்கிருந்து டிங்கிளுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பிள்ளைகள் காரில் அழைத்துச் செல்வதாயின் இன்னும் நல்லது. நம் நாட்டைப் போலவே அங்கும் வாகனங்கள் சாலையின் இடப்புறமே செல்லும்.

மழை எந்நேரமும் வரும், ஆகஸ்டிலும் வரும். குடை அங்குள்ள காற்றுக்குத் தாங்காது. தலையை மூடும் மழைச்சட்டையும், நனைந்தாலும் நடக்கத்தக்க காலணியும் கட்டாயம் வேண்டும்.

ஓர் ஊர், இரு பெயர்கள்

ஊரின் எல்லையில் உள்ள பெயர்ப்பலகையை நோக்குங்கள். டிங்கிள் என்பது ஆங்கிலப் பெயர். 'டாங்யன் ஈ கூஷ்' என்பது ஐரிஷ் பெயர். ஐரிஷ் என்பது ஆங்கிலத்தின் கொச்சை வழக்கு அன்று. அது தனி மொழி, தொன்மையான மொழி. அம்மொழியின் மிகப் பழைய எழுத்து, கல்லின் விளிம்பில் கோடு கோடாகச் செதுக்கப்பட்ட 'ஓகம்' எழுத்து. அத்தகைய கற்கள் மிகச் செறிவாகக் கிடைக்கும் இடங்களுள் இத்தீபகற்பமும் ஒன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் அம்மொழி சட்டத்திலும் சந்தையிலும் மதிப்பிழந்தது. பிறகு 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் பெரும் பஞ்சம் தொடங்கிற்று. 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் கப்பலேறினர். ஐரிஷ் மொழி பேசிய மேற்குக் கரை ஏழைகளே அதில் மிகுதியும் அழிந்தனர். அந்தப் பஞ்ச காலத்தில், 1847-இல், உதுமானியப் பேரரசின் சுல்தான் அப்துல் மஜீது அயர்லாந்து மக்களின் துயர் துடைக்க 1,000 பவுன் அனுப்பி வைத்தார் என்பதை நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

விடுதலை பெற்ற அயர்லாந்து, 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்று எழுதி வைத்தது. 2007-இல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் ஏட்டில் ஏறிய மொழி வீட்டில் வாழ வேண்டுமே! அன்றாட வாழ்வில் ஐரிஷ் பேசும் பகுதிகள் மேற்குக் கரையோரத்தில் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றைக் 'கேல்டாக்ட்' என்பர். டிங்கிள் தீபகற்பத்தின் மேற்குப் பாதி அத்தகைய ஒரு கேல்டாக்ட்.

ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு வழக்கே நடந்தது. 2005-இல் அரசு, கேல்டாக்ட் பகுதிகளில் ஐரிஷ் பெயர் மட்டுமே செல்லும் என்று ஆணையிட்டு, டிங்கிளுக்கு 'அன் டாங்யன்' என்று பெயர் வைத்தது. மொழி காக்கும் ஆணைதானே என்று ஊரார் மகிழ்ந்தார்களா? இல்லை. பயணிகளுக்குத் தெரிந்த பெயர் போய்விட்டால் பிழைப்பும் போய்விடும் என்று அஞ்சினர். 2006-இல் நடந்த வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரு பெயர்களும் வேண்டும் என்றனர். 2011-இல் சட்டம் அதற்கு இசைந்தது. மொழியும் வேண்டும், வருவாயும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தின்னவும் கூடாது. இந்த இழுபறியைத்தான் அவ்வூரில் நீங்கள் எங்கும் காண்பீர்கள்.

வீடே பள்ளிக்கூடம்

கோடைக்காலத்தில் தீபகற்பத்தின் மேற்குச் சிற்றூர்களுக்குச் செல்வீராயின், சாலையோரமெங்கும் பதின்பருவப் பிள்ளைகளைக் காண்பீர்கள். நாட்டின் நகரங்களிலிருந்து ஐரிஷ் மொழி கற்க வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் மூன்று வாரப் பயிற்சி. பகலில் வகுப்பு; மற்ற நேரமெல்லாம் ஊரார் வீடுகளில் தங்கல். ஆங்கிலம் பேசக் கூடாது என்பது விதி. மீறினால் வீட்டுக்கே திருப்பி அனுப்பப்படலாம்.

இப்பிள்ளைகளை ஏற்றுத் தங்க வைக்கும் குடும்பத் தலைவிக்குப் 'பன் அன் டீ' என்று பெயர். 'வீட்டுப் பெண்மணி' என்பதே அதன் பொருள். சோறு போடுவதும், படுக்கை விரிப்பதும், ஈரத் துணியை உலர்த்துவதும், அத்தனையையும் ஐரிஷில் பேசிக்கொண்டே செய்வதும் அவர் பணி. 'உப்பை எடு', 'கதவைச் சாத்து', 'காலணியை வெளியே விடு' என்னும் சொற்களைப் பாடநூலிலிருந்தா கற்க முடியும்? அடுக்களையில் நின்று கற்க வேண்டியவை அவை. பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அரசு அப்பெண்மணிக்கு உதவித்தொகை வழங்குகிறது. ஒரு மொழியைக் காக்கும் பொறுப்பைப் பேராசிரியர்களிடம் மட்டும் விடாமல் இல்லத்தரசிகளிடமும் ஒப்படைத்திருக்கும் ஏற்பாடு இது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா நோயால் இப்பயிற்சிகள் நின்றபோது, அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அவ்வூர்கள் உணர்ந்தன.

உங்களைப் போன்ற பயணிகளுக்கும் தங்கும் அறையும் காலை உணவும் தரும் வீடுகள் இங்கு உண்டு. ஓட்டலைவிட இத்தகைய வீட்டையே தேர்ந்தெடுங்கள். ஐரிஷில் முகமன் கூறும் சொல் 'டியா குவிட்'. 'இறைவன் உம்மோடு' என்பது பொருள். விடைபெறும் சொல் 'ஸ்லான்'. பத்திரம், நலம் என்பதே அதன் பொருள். சலாம் உரைத்துப் பழகிய நாவுக்கு இவை அந்நியமாகத் தோன்றா. காலையில் நீங்கள் இவ்விரு சொற்களைச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்காரரின் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

தீபகற்பத்தைச் சுற்றி வருதல்

இரண்டாம் நாளை மேற்குக் கரைச் சாலைக்கென ஒதுக்குங்கள். டிங்கிளில் புறப்பட்டு ஸ்லே ஹெட் முனையைச் சுற்றி மீண்டும் டிங்கிளுக்கே வரும் சாலை அது. மிகக் குறுகியது, ஒருபுறம் மலை, மறுபுறம் கடல். கடிகார முள் சுற்றும் திசையிலேயே செல்லுங்கள். பெரிய பேருந்துகளை எதிர்கொள்ளும் சங்கடம் குறையும்.

வழியில் ஃபாஹன் என்னும் இடத்தில், தேன்கூட்டின் வடிவில் கல்லால் அடுக்கப்பட்ட பழங்குடில்கள் மலைச்சரிவில் நிற்கின்றன. சற்று வடக்கே கல்லாரஸ் வழிபாட்டுக் கூடம் உள்ளது. ஆயிரம் ஆண்டுகளை ஒட்டிய பழமையுடையது என்பர். காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கவிழ்த்து வைத்த படகு போன்ற வடிவம். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை; கல்லின் மேல் கல்லைச் சற்றே வெளிப்புறம் சாய்த்து அடுக்கியதனால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. அட்லாண்டிக் புயல்களுக்கு ஈடுகொடுத்து இன்னும் அது நிற்கிறது.

குமினூல் கடற்கரை கண்ணைக் கவரும். ஆனால் அங்கே நீரோட்டம் கொடியது. குழந்தைகளை நீரில் இறங்க விடாதீர்கள். அவர்கள் ஓடி விளையாடத் தக்க இடம் தென்கரையிலுள்ள இஞ்ச் கடற்கரை. சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் விரிந்து கிடக்கிறது. வடக்கே செல்ல விரும்புவோர் கானர் கணவாய் வழியே மலையேறலாம். கனரக வாகனங்களுக்கு அங்கே தடை உண்டு. உச்சியில் நின்றால் தீபகற்பத்தின் இருபுறக் கடலும் தெரியும்.

தோல் படகும் கயிற்றுக் கப்பலும்

தீபகற்பத்தின் உயர்ந்த மலை பிராண்டன், 952 மீட்டர். 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெண்டன் என்னும் துறவியின் பெயர் அதற்கு. அவர் தோல் படகில் மேற்குக் கடலைக் கடந்து புதிய நிலம் கண்டார் என்பது அம்மக்களின் பழங்கதை. அது நடந்திருக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்கத் துணிந்தார் டிம் செவரின் என்னும் ஆங்கிலேயர். 49 மாட்டுத்தோல்களைத் தைத்துப் படகு செய்து, 1976-இல் பிராண்டன் மலையடியில் உள்ள சிறு கழியிலிருந்து புறப்பட்டார். ஐஸ்லாந்தில் குளிர்காலத்தைக் கழித்து, 1977-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையை அடைந்தார்.

இதே செவரின்தான் அடுத்து, அரபு மாலுமி சிந்துபாதின் கதையைச் சோதிக்க ஓமான் நாட்டுக்குச் சென்றார். அங்கு சூர் துறைமுகத்தில், பழைய அரபு முறைப்படி ஆணியே இல்லாமல் 'சொஹார்' என்னும் கப்பல் கட்டப்பட்டது. மரம் மலபாரிலிருந்து சென்றது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைக்கும் கலை அறிந்தோர் இலட்சத்தீவுகளின் அகத்தித் தீவிலிருந்து சென்றனர். அவர்கள் நம் சகோதர முஸ்லிம்கள். 1980 நவம்பரில் புறப்பட்ட அக்கப்பல், கள்ளிக்கோட்டை, இலங்கை வழியாக 1981-இல் சீனாவின் காண்டன் துறையை அடைந்தது. இன்று அது மஸ்கட் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. பிராண்டன் மலையடியில் அந்தச் சிறு கழியைக் காணும்போது, தோலைத் தைத்த கைகளையும் கயிற்றால் பலகையைத் தைத்த அகத்தித் தீவுக் கைகளையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆளற்ற தீவின் நூல்கள்

மூன்றாம் நாள் டன்குவின் என்னும் சிற்றூருக்குச் செல்லுங்கள். எதிரே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் பெரிய பிளாஸ்கட் தீவு தெரியும். கோடையில், கடல் அமைதியாக இருந்தால், படகு செல்லும். தீவில் இன்று கூரையிழந்த கல்வீடுகளும், ஆடுகளும், கரையில் கடல்நாய்களுமே மிகுதி.

ஒரு காலத்தில் அங்கே சுமார் 170 பேர் வாழ்ந்தனர். கடை இல்லை, மருத்துவர் இல்லை. தார் பூசிய துணியை மரச்சட்டத்தில் போர்த்திய இலேசான படகில் மீன் பிடித்தனர், உருளைக்கிழங்கு பயிரிட்டனர், இரவில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து கதை சொல்லினர். தூய ஐரிஷ் மொழி அங்கே வாழ்கிறது என்று கேள்வியுற்ற அறிஞர்கள் நார்வேயிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் தேடி வந்து, அம்மீனவர்களிடம் மாணவர்களாய் அமர்ந்தனர். அதன் பயனாக மீனவர்களே நூலாசிரியர்கள் ஆயினர். தோமாஸ் ஓ கிரிஹன் எழுதிய 'தீவான்' 1929-இல் வெளிவந்தது. மொரிஸ் ஓ சலிவனின் 'வளர்ந்த இருபதாண்டுகள்' 1933-இல் வந்தது. பெக் சேயர்ஸ் என்னும் மூதாட்டி ஐரிஷில் எழுத அறியாதவர். அவர் வாய்மொழியாகச் சொல்ல, மகன் எழுதிய தன்வரலாறு 1936-இல் நூலாயிற்று. பின்னர் அது நாடு முழுவதும் பள்ளிப் பாடமாக ஓதப்பட்டது.

ஆனால், நூல்கள் புகழ் பெற்ற அதே காலத்தில் தீவு ஆளிழந்துகொண்டிருந்தது. இளைஞர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். பலர் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் குடியேறினர். 1941-இல் பள்ளி மூடப்பட்டது. 1947-இன் தொடக்கத்தில் ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலால் மாண்டார். கடல் கொந்தளிப்பால் மருத்துவர் வந்து சேர முடியவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், உணவின்றித் தவிக்கிறோம் என்று தீவார் பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தனர். 1953 நவம்பரில் எஞ்சிய 22 பேரையும் அரசு கரைக்குக் குடியேற்றியது.

டன்குவினில் 1993-இல் திறக்கப்பட்ட பிளாஸ்கட் மையத்தில் இவ்வரலாறு முழுவதையும் காணலாம். தீவுக்குப் படகு ஓடாத நாளிலும் இம்மையத்தைத் தவற விடாதீர்கள். புகழ் பெற்ற நூல்கள் இருந்தும் அத்தீவை அவற்றால் காக்க முடியவில்லை. பேசும் மக்கள் வாழ வழியில்லாதபோது மொழி அங்கிருந்து வெளியேறிவிட்டது. இதனை அங்கே நின்று உணர்ந்தால்தான் கரையில் உள்ள ஒவ்வோர் ஐரிஷ் வீட்டின் அருமையும் விளங்கும்.

தொழுகையும் உணவும்

டிங்கிள் போன்ற சிற்றூரில் பள்ளிவாசலை எதிர்பார்க்க வேண்டாம். டப்ளின், கார்க், லிமெரிக் நகரங்களில் பள்ளிவாசல்கள் உண்டு. புறப்படுமுன் அங்கு வெளியிடப்படும் தொழுகை நேர அட்டவணையைப் பெற்றுக்கொள்ளுங்கள். நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழுபவர் நாம். டிங்கிளில் கிப்லா, கிழக்கிலிருந்து சற்றே தெற்கே சாய்ந்த திசை. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். மீண்டும் காலை 5.20 மணியளவில் உதிக்கும். அந்நாள்களில் வானம் முற்றிலும் இருள்வதே இல்லை. ஆகவே இஷா, ஃபஜ்ரு நேரங்களை நீங்களாகக் கணிக்காமல் அட்டவணையையே பின்பற்றுங்கள். டிசம்பரிலோ காலை 9 மணியை நெருங்கி விடிந்து, மாலை 4.30 மணியளவில் இருட்டிவிடும். லுஹரும் அஸரும் அடுத்தடுத்து வந்துவிடும்.

மூன்று நாள் தங்கும் முஸாஃபிர்களுக்குக் கஸ்ரு செய்யும் சலுகை உண்டு. சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு உள்ளமையால் உங்கள் ஊர் ஆலிமிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடுகளில் தரப்படும் ஐரிஷ் காலை உணவில் பன்றி இறைச்சியும், இரத்தம் கலந்து செய்யும் 'பிளாக் புட்டிங்' என்பதும் இடம்பெறும். முதல் நாள் மாலையே, 'பன்றி இறைச்சி வேண்டாம். அதே சட்டியில் பொரித்த முட்டையும் வேண்டாம்' என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அவித்த முட்டை, சோடா மாவு ரொட்டி, வெண்ணெய், ஓட்ஸ் கஞ்சி ஆகியவை போதுமானவை. துறைமுக ஊராதலின் மீனுக்குப் பஞ்சமில்லை. எனினும் சில கடைகளில் மீன் தோய்க்கும் மாவில் பீரும், குழம்பில் ஒயினும் சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். நண்டும் சிப்பியும் ஹனஃபிகளுக்கு ஆகா. இங்கே செருப்புக் கடையும் இரும்புக் கடையும்கூட மதுக்கடையோடு ஒட்டி இருப்பதுண்டு. பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.

விருந்தினரின் கடமை

டேவிட் லீன் இயக்கிய 'ரயன்ஸ் டாட்டர்' என்னும் திரைப்படம் 1969-இல் இத்தீபகற்பத்தில் படமாக்கப்பட்டது. அதன் பின் பயணிகள் வரத் தொடங்கினர். 1983-இல் துறைமுக வாயிலில் ஓர் ஓங்கில் வந்து தங்கிற்று. 'ஃபங்கி' என்று பெயரிட்டனர். 37 ஆண்டுகள் அதைக் காணவே மக்கள் திரண்டனர். படகோட்டிகள் அதனால் பிழைத்தனர். 2020 அக்டோபரில் அது காணாமற்போயிற்று. கடற்கரையில் அதன் வெண்கலச் சிலை மட்டும் இருக்கிறது.

இவ்வாறு வந்த பயணிகள் ஊருக்குச் சோறும் தந்தனர், சிக்கலும் தந்தனர். வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறை வீடுகளை வாங்கினர். குளிர்காலத்தில் அவை பூட்டியே கிடக்கின்றன. வீட்டு விலையும் வாடகையும் ஏறி, அம்மண்ணில் பிறந்த இளந்தம்பதியர் அங்கே குடியிருக்க வழியின்றி நகரங்களுக்குச் செல்கின்றனர். அவர்களோடு மொழியும் செல்கிறது. இப்போக்கு நீடித்தால் கேல்டாக்ட் பகுதிகளிலும் ஐரிஷ் பெரும்பான்மையோரின் வீட்டுமொழியாக நீடிக்காது என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. தீவைப் பறித்தது கடல். கரையைப் பறிப்பது பணமாக இருந்துவிடக் கூடாது.

இதில் ஒரு பயணியின் பங்கு என்ன? பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீட்டை வாடகைக்கு எடுப்பதைவிட, குடும்பம் வாழும் வீட்டில் தங்குவது. அவ்வீட்டாரின் ஒழுங்குக்கு இசைந்து நடப்பது. அவர்கள் மொழியில் இரு சொற்களேனும் பேசுவது. விருந்தோம்பல் மூன்று நாள். வீட்டாருக்குப் பாரமாகும்வரை தங்கக் கூடாது என்று நமக்கு மார்க்கம் கற்பித்த ஒழுக்கம், பணம் கொடுத்துத் தங்கும் இடத்துக்கும் பொருந்தும்.

பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த வீட்டுப் பெண்மணி தம் பேரப்பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறார் என்பதை அவர்கள் கவனிக்கட்டும். அயல்நாட்டில் வளரும் நம் பேரப்பிள்ளைகளிடம் நாம் எந்த மொழியில் பேசுகிறோம் என்ற கேள்வி அப்போது தானே எழும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் அல்லர், நாம்தாம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் உங்கள் பயணத்தை நலமாக்கி வைப்பானாக! ஆமீன்.